ஐந்து வயது மகளோடு பறவைத் தீனித்தட்டு செய்தோம், ஒன்பது நாளாக ஒரு குருவியும் வரவில்லை

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்) · சனி, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. போன வார விடுமுறையில் மூவரும் தரையில் உட்கார்ந்து பறவைகளுக்குத் தீனித்தட்டு செய்தோம். டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக்குழாயில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி, தினையில் புரட்டி, பால்கனிக் கம்பியில் தையல் நூலால் தொங்கவிட்டோம். அழகாக இருக்க வேண்டும் என்று மகள் இரண்டு முனையிலும் மஞ்சள் சாயம் பூசி ஜிகினாத் தூள் தூவினாள்.

இன்றோடு ஒன்பது நாள். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. வெயிலில் வெண்ணெய் இளகிக் கம்பியெல்லாம் பிசுபிசுக்கிறது. எறும்புதான் சாரை சாரையாக வருகிறது. மகள் தினமும் எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறாள். நேற்று இரவு படுக்கையில், "அம்மா, குருவிக்கு என்னைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எங்கே பிழை? கத்திரிக்கோலை இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும் கைகளுக்கு ஏற்றதாக வேறு என்ன செய்யலாம்? சின்னவன் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறவன் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

பழைய_ஆசிரியை · சனி, காலை 8.45

மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். அந்தக் கேள்விக்கு இன்றே பதில் சொல்லிவிடுங்கள் அம்மா, மற்றதெல்லாம் பிறகு. "குருவிக்குப் பயம் அதிகம். நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று தொங்கினால், அது தூரத்தில் உட்கார்ந்து பல நாள் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வரும்" என்று சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது, உண்மையே அப்படித்தான். சிறு பறவைகள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கின்றன. புதிய இடத்தில் தீனி வைத்தால் முதல் பறவை வரச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். தட்டுக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு சிட்டிகை தினையைத் தூவி வையுங்கள். வெட்டவெளியில் கிடக்கும் தானியம் சீக்கிரம் கண்ணில் படும்.

இப்போது தொங்குவதைக் கழற்றிவிடுங்கள். இளகிய கொழுப்பு இறகில் ஒட்டினால் இறகுகள் ஒன்றோடொன்று பிசுபிசுத்துப்போகும், நீர் புகாமல் காக்கும் தன்மை கெட்டுவிடும். தடவித் தொங்கவிடும் தட்டெல்லாம் குளிர்காலத்துக்கு உரியவை. வெயில் காலத்துக்கு வெறும் தானியம் போதும். ஜிகினா வேண்டவே வேண்டாம், அது உதிர்ந்து தினையோடு கலந்துவிடும். குழந்தைக்கு அலங்கரிக்க ஆசை இருந்தால் காய்ந்த இலை, சுள்ளி, சணல் இவற்றைக் கொடுங்கள். அவை உதிர்ந்தாலும் கெடுதல் இல்லை.

சின்னவனுக்கு ஒரு எச்சரிக்கை. முழு வேர்க்கடலை ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடியது. அது மேசைக்கே வர வேண்டாம். அவனுக்குக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குத் தினையை மாற்றும் வேலையைக் கொடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் செய்வான்.

கைத்தச்சன் · சனி, பிற்பகல் 1.20

கொட்டாங்குச்சியை விடக் குழந்தைகளுக்கு ஏற்ற பொருளை நான் பார்த்ததில்லை. சாயம் வேண்டாம், பசை வேண்டாம், மழையில் ஊறாது, பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செய்யலாம். என் மகனோடு செய்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கண் உள்ள மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியதாக இருக்கும். முளை வெளியே வரும் வழி அதுதான். குழந்தையை விட்டு மூன்றையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், எது மெல்லியது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கண்ணை ஆணியால் நீங்கள் குத்தித் திறந்துவிட்டால் மழைநீர் வடிய வழி தயார். உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பை நன்றாகச் சுரண்டி எடுத்து இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்ததாக விளிம்பில் மூன்று துளை. சம தூரத்தில் எப்படிப் போடுவது? ஒரு நூலை விளிம்பைச் சுற்றிப் பிடித்து, ஒரு சுற்று ஆனதும் வெட்டி, அதை மூன்றாக மடித்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். மடித்த நூலை விளிம்பில் வைத்து மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பதைக் குழந்தையே செய்யும். என் மகன் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு, வாளி, தாத்தாவின் தொப்பி என்று வீட்டில் வட்டமாக இருந்த எல்லாவற்றையும் நூலால் அளந்து மூன்றாகப் பிரித்துப் பார்த்தான். துளை போடுவது மட்டும் பெரியவர் வேலை. கொட்டாங்குச்சியை வேறெதன் மீதாவது அசையாமல் பொருத்திவைத்துத்தான் துளையிட வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு கூடாது.

பிறகு சணல் கயிறு மூன்று, ஒரே நீளத்தில். கயிற்று முனையில் சிறிது ஒட்டுநாடாவைச் சுற்றினால் ஊசி மாதிரி விறைப்பாகிவிடும், குழந்தை தானாகவே கோத்துவிடும். முடிச்சு மட்டும் சேர்ந்து போடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினாலும் திருத்தாதீர்கள். தினை கீழே கொட்டாத வரைக்கும் அந்தச் சாய்வு அவள் கைவேலை, அப்படியே இருக்கட்டும்.

கிளைநுனி · சனி, மாலை 6.05

எல்லோரும் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கே தொங்குகிறது என்று யாரும் கேட்கவில்லையே! பால்கனிக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கதவு இருக்கிறதா?

கேட்கக் காரணம் இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் பறவை நிஜம் என்று நம்பிப் பறந்து போய் மோதுகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 100 கோடி வரை பறவைகள் இப்படிச் சாவதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, நாம் குடியிருப்பது போன்ற சிறிய கட்டடங்களில் நடப்பது. என் வீட்டிலேயே ஒரு முறை நடந்தது. தட்டைக் கதவிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். எதற்கோ மிரண்டு எழும்பிய குருவி முழு வேகத்தில் வந்து மோதியது. கையில் எடுத்தபோது சூடு இருந்தது, மூச்சு இல்லை. என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தட்டு கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்பது பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மிக அருகில் இருந்தால் எழும்பும் பறவைக்கு வேகம் சேர இடமிருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து. கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் ஒட்டிவிடுங்கள். ஒரே ஒரு பெரிய பருந்துப் படம் ஒட்டினால் பயனில்லை, பறவை அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். புள்ளி ஒட்டுவது ஐந்து வயதுக்கு மிகப் பிடித்த வேலை.

தையல் நூலையும் மாற்றுங்கள். மெல்லிய நூல் காலில் சுற்றினால் பறவையால் விடுவித்துக்கொள்ள முடியாது. வலைப்பையும் அப்படித்தான், நகம் சிக்கிக்கொள்ளும்.

இரண்டு_சிறகு · சனி, இரவு 9.30

ரொட்டித் துண்டு, பிஸ்கட் வைக்கலாமா? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைத்தான் பிய்த்துப் போடுகிறார்கள்.

பழைய_ஆசிரியை · ஞாயிறு, காலை 6.50

பிஸ்கட் வேண்டாம், அதில் உப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. உப்பைச் சிறு பறவைகளின் உடல் தாங்காது. ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிரச் சத்து குறைவு, பூஞ்சை பிடித்தால் நஞ்சு. பால் கூடாது, பறவைகளுக்கு அது செரிக்காது. சாக்லேட், வெண்ணெய்ப்பழம் இரண்டும் விஷம். தினை, கம்பு, உடைத்த சோளம், உப்பில்லாத சூரியகாந்தி விதை, பொடித்த பச்சை வேர்க்கடலை இவை போதும். வேர்க்கடலையில் மட்டும் ஒரு சொத்தைகூட இருக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும், அது பறவையைக் கொல்லும். பிள்ளைகளையே உட்கார்த்தி நல்லது கெட்டது பிரிக்கச் சொல்லுங்கள்.

"பல்லில்லாமல் குருவி எப்படி மெல்லும்?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள். அதன் வயிற்றுக்குள் அரைவைப்பை என்று தடித்த தசைப்பை ஒன்று இருக்கிறது. விழுங்கிய மணலும் பொடிக்கல்லும் அதற்குள் கிடந்து, தானியத்தை அம்மி போல அரைத்துவிடும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சுருக்குப்பையில் கூழாங்கல்லையும் ஊறவைத்த கம்பையும் போட்டுக் கசக்கச் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் கூழாகிவிடும். அந்தப் பையைத் திறந்து பார்க்கும் முகங்கள் இன்னும் என் கண்முன் நிற்கின்றன.

வேலியோரம் · ஞாயிறு, காலை 10.15

எல்லோரும் மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். காட்டுப் பறவைக்கு நாம் தீனி வைப்பதே சரியா என்று யோசிக்க வேண்டும். பிரிட்டனில் தோட்டம் தோறும் தீனித்தட்டு தொங்குகிறது. அங்கே டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரும் நோய் 2005இல் ஃபிஞ்ச் குருவிகளிடம் காணப்பட்டு, அடுத்த ஆண்டே கொள்ளைநோயாகப் பரவியது. நோயுற்ற பறவையின் எச்சில் பட்ட தீனியும் தண்ணீரும்தான் அதைப் பரப்புகின்றன. கிரீன்ஃபிஞ்ச் என்னும் பச்சைநிறக் குருவி 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாக மூன்று நான்கு ஆண்டுகளில் குறைந்தது. அன்போடு வைத்த தட்டுதான், ஆனால் பறவைகளை ஓரிடத்தில் நெருக்கியடித்துக் கூட வைத்துவிட்டது.

தவிர, கூட்டில் இருக்கும் குஞ்சுக்குச் சிட்டுக்குருவி புழு பூச்சிகளைத்தான் கொண்டுபோய் ஊட்டும், தானியத்தை அல்ல. பூச்சிமருந்து அடிக்காத இரண்டு செடியைக் குழந்தையோடு சேர்ந்து நட்டால், தட்டு செய்வதைவிடப் பெரிய உதவி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கைத்தச்சன் · ஞாயிறு, காலை 11.40

செடி நடச் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு, பூச்சி வந்து பறவையும் வரும் வரை ஒரு செடியைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பொறுமை எங்கே? தட்டு இன்றைக்கு, செடி நாளைக்கு, இரண்டும் இருக்கட்டும்.

கிளைநுனி · ஞாயிறு, பிற்பகல் 3.00

வேலியோரம் சொல்லும் நோய்க் கதை உண்மைதான், அதை யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. தட்டைச் செய்வதில் பாதி வேலைதான் முடிகிறது, கழுவுவதில்தான் மீதிப் பாதி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழற்றி, சோப்பு நீரில் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே மறுபடி தொங்கவிட வேண்டும். ஈரத் தட்டில் தானியம் போட்டால் பூஞ்சைதான். பிளீச்சிங் வேலை பெரியவருடையது. சோப்பு போட்டுத் தேய்ப்பது பிள்ளைகளுடையது. காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டக் கூடாது, தூள் பறந்து மூச்சில் ஏறும். நனைத்துத்தான் துடைக்க வேண்டும். தட்டைத் தொட்ட பிறகு எல்லோரும் கை கழுவ வேண்டும்.

இறகை உப்பவைத்துக்கொண்டு, விரட்டினாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் அன்றே தட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரமாவது வைக்காதீர்கள். அதைக் குழந்தையிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்: "ஒன்றுக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும்." அவர்களுக்குப் புரியும்.

பறவை நம்மையே நம்பிச் சோம்பிப்போகும் என்ற பயம் மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காட்டில் சிக்கடீ என்னும் குருவிகளை வைத்து 1992இல் ஓர் ஆய்வு வந்தது. பல ஆண்டு தட்டில் தின்று பழகிய குருவிகளுக்குத் தீனியை நிறுத்திய பிறகும், தட்டையே கண்டிராத குருவிகளைப் போலவே அவையும் குளிர்காலத்தைத் தாண்டின.

வேலியோரம் · ஞாயிறு, மாலை 5.25

கழுவுவதை இவ்வளவு தெளிவாக முதல் பக்கத்திலேயே எழுதும் யாரையும் இதுவரை நான் பார்த்ததில்லை. இப்படிச் செய்வதானால் எனக்கு மறுப்பு இல்லை. தட்டோடு ஒரு தண்ணீர்க் கிண்ணமும் வையுங்கள், மண்கிண்ணமாக இருந்தால் நல்லது, கால் வழுக்காது. ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றிவிட்டால் கொசு முட்டையிட்டு வளர நேரம் கிடைக்காது.

ஜன்னலோரம் · அடுத்த சனி, காலை 9.00

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். பழைய தட்டை மகளே கழற்றினாள். நான் தூக்கிப் போடப் போனபோது, "இது முதல் தட்டு" என்று வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

கொட்டாங்குச்சியில் மெல்லிய கண்ணை அவள்தான் கண்டுபிடித்தாள். சரியாக நடுவிரலால் அழுத்தி, "இதுதான் தூங்குகிற கண்" என்றாள். நூலை மூன்றாக மடிப்பதற்குள் இரண்டு முறை நான்காக மடித்துவிட்டாள், நான் பேசாமல் இருந்தேன். கண்ணாடிக் கதவு எங்களுக்கும் இருக்கிறது. தட்டு இரண்டரை மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அளந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது முக்கால் மீட்டரில் தொங்குகிறது, கதவு முழுக்க வெள்ளைப் புள்ளி.

செவ்வாய்க்கிழமை முதல் விருந்தாளி வந்தது. புறா. அதுவும் ஒன்றல்ல, ஆறு. கொட்டாங்குச்சியையே கவிழ்த்துவிட்டன. மகளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் மின்கம்பியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குருவிகள் பறந்துபோய்விட்டன.

கைத்தச்சன் · அடுத்த சனி, பகல் 12.30

குருவி 30 கிராம் சொச்சம் இருக்கும், புறா அதைப்போல் பத்து மடங்கு. அந்த வித்தியாசத்தையே வேலியாக்கிவிடலாம். இன்னொரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அதே கயிறுகளில் மேலே கூரையாகக் கோத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று விரல்கடை இடைவெளி போதும், குருவி நுழையும், புறாவின் உடம்பு நுழையாது. கூரை கீழே நழுவாமல் இருக்க ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு முடிச்சு. மழைக்கும் பாதுகாப்பு. கைப்பிடிச் சுவரில் தூவுவதை இனி நிறுத்துங்கள், புறாவை அழைப்பது அதுதான். ஒரு நாளில் தின்று தீரும் அளவுக்கு மட்டும், அதாவது உங்கள் மகளின் கைக்கு ஒரு பிடி, தட்டில் போட்டால் சிந்துவதும் குறையும், எலியும் வராது.

ஜன்னலோரம் · அதற்கடுத்த புதன், காலை 7.40

வந்துவிட்டது!

இன்று காலை ஆறே கால். நான் அடுப்படியில் இருந்தேன். மகள் சத்தம் போடாமல் வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் திரைக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தோம். முதலில் ஒரு குருவி தண்ணீர்க் கிண்ணத்து விளிம்பில் இறங்கியது. கல்லின் மேல் தாவி, அலகை நனைத்து, தலையை நிமிர்த்தி விழுங்கியது. பிறகு கயிற்றைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு கண், பிறகு தலையைத் திருப்பி மறு கண். அப்புறம் சட்டென்று உள்ளே. தினையை அலகின் ஓரத்தில் உருட்டி உமியைத் துப்பும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே கேட்டது. பின்னாலேயே இன்னும் இரண்டு.

மகள் மூச்சையே விடவில்லை. அவை போன பிறகுதான் பெருமூச்சு விட்டு, "அது நம் தட்டு என்று அதற்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இப்போது நோட்டுப் புத்தகத்தில் மூன்றையும் வரைந்துகொண்டிருக்கிறாள். பழைய தண்ணீரைப் பூந்தொட்டியில் கொட்டுவது சின்னவன் வேலை. தன் காலிலும் பாதியைக் கொட்டிக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் முதல் கழுவும் நாள், காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறோம்.

பழைய_ஆசிரியை · புதன், காலை 8.05

படிக்கும்போதே கண் நிறைந்தது அம்மா. அந்த நோட்டை விடாமல் எழுத வையுங்கள். தேதி, நேரம், எத்தனை பறவை என்றால் போதும். பிரிட்டனில் தோட்டப் பறவைகளை எண்ணும் பெரிய கணக்கெடுப்பு 1979இல் பிள்ளைகளுக்கான வேலையாகத்தான் தொடங்கியது. உலகம் முழுவதும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் மகளும் சேரலாம், பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணினாலே கணக்கில் சேரும்.

கிளைநுனி · புதன், காலை 8.30

அவள் வரைந்த குருவிகளில் எதற்காவது தொண்டையில் கறுப்பாக இருக்கிறதா? சிட்டுக்குருவியாக இருந்தால், கறுப்புத் தொண்டை உள்ளது ஆண்.

ஜன்னலோரம் · புதன், காலை 8.50

கேட்டேன். ஒன்றுக்கு இருக்கிறதாம், ஒன்றுக்கு இல்லையாம். மூன்றாவது திரும்பி உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லையாம், அதற்கு முதுகை மட்டும் வரைந்திருக்கிறாள். நாளை ஆறு மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.